படாக் அலமாரியும் பத்தாவது பேட்டரியும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கக் கோபுரங்களையும் அணைக்கட்டுகளையும் எண்ணுவது பாமரர் வழக்கம். விவரம் தெரிந்தவர்கள் கமிட்டிகளை எண்ணுவார்கள். அப்படி எண்ணிப் பார்த்தால், போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டின்மேல் நிற்கும் ‘தீவு மின்கலப் பாரம்பரியக் கூடம்’ மனித குலம் இதுவரை தொட்ட சிகரங்களில் ஒன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே காட்சிக்கு இருந்தவை ஒன்பது பழைய பேட்டரிகள். அவற்றைப் பாதுகாக்கும் கமிட்டியில் பதினோரு உறுப்பினர்கள். ஆளுக்கொரு பேட்டரி என்று பங்கு வைத்தாலும் இரண்டு உறுப்பினர்கள் மிஞ்சுவார்கள். ஆபத்துக் காலத்துக்கு என்று அவர்களை இருப்பில் வைத்திருந்தார்கள்.

துடைப்பதற்கு மட்டும் ஒரே ஒருத்தி. கிரேசி.

அந்தக் கிரேசிக்கு ஒரு சின்னச் சிக்கல். ஒவ்வொரு செவ்வாயும் அவள் அலமாரியைத் திறந்து பேட்டரிகளைச் சுத்தமாகத் துடைப்பாள். பூட்டுவாள். சாவியை ஆபீசில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவாள். அடுத்த செவ்வாய் திறந்தால், பேட்டரிகளின் ஈயத் தகடுகள்மேல் அரிசி மாவு தூவினாற்போல வெள்ளைப் பொடி. பூட்டிய அலமாரிக்குள் மாவு அரைப்பது யார்?

அவை பழைய கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்றில் உழைத்து ஓய்ந்த பேட்டரிகள். உள்ளிருந்த அமிலத்தை எப்போதோ கொட்டிக் கழுவியாயிற்று. மிச்சம் ஒரு கனத்த கண்ணாடித் தொட்டி. அதனுள் அலமாரியில் புத்தகம் அடுக்கினாற்போல ஈயத் தகடுகள். ஈயம் சோம்பேறி உலோகம். இரும்பு கடற்காற்றைக் கண்டதும் துருப்பிடித்துக் கலவரம் செய்யும். ஈயம் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்திக்கொண்டு நூறு வருடம் தூங்கும். அப்படிப்பட்ட உலோகம் வாராவாரம் எழுந்து முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்வது ஏன் என்று கிரேசிக்கு விளங்கவில்லை.

இதைவிட விளங்காத விஷயம் ஒன்றும் இருந்தது. ஹட் பே துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தவை உண்மையில் பத்துப் பேட்டரிகள். பத்தாவதன் கண்ணாடி வழியிலேயே உடைந்துவிட்டது. எனவே அது ‘காட்சித் தகுதியற்றது’ என்று தீர்மானமாகி, பதிவேட்டில் ஏறாமல், பின்கட்டு வராந்தாவில் கக்கூஸ் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைக்கப்பட்டது. பதினோரு கிலோ, எந்தக் காற்றுக்கும் அசையாது. நான்கு வருடமாக அதன்மேல் மழை பெய்கிறது, உப்புக்காற்று வீசுகிறது, ஆட்கள் ஈரக்காலால் இடறுகிறார்கள். அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி இல்லை.

“அது எப்படி சார்?” என்று கிரேசி ஒருநாள் கேட்டாள்.

நந்தகுமார் கூடத்தின் பொறுப்புக் காப்பாட்சியர். சொந்த வேலை புள்ளிவிவரப் பிரிவில். காப்பாட்சியர் நாற்காலி ஒன்பது வருடமாகக் காலியாக இருப்பதால், அது காலியாகவே இருப்பதை மேற்பார்வையிட வாரம் மூன்று நாள் வருவார். நல்ல மனிதர். கேள்வியை ஆழ்ந்து யோசித்தார்.

“அது பதிவேட்டுலயே இல்லையேம்மா. ரெக்கார்டுல இல்லாத பொருள் எப்படிக் கெட்டுப்போகும்?”

*

அலமாரியைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் வரலாறு மன்னிக்காது. கமிட்டித் தலைவர் அழகர்சாமி வனத்துறையில் நாற்பது வருடம் மரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தீவுகளுக்கே உரிய செந்நிறப் படாக் மரத்தில், புதிதாக அறுத்த பலகையில், தாமே நின்று செய்வித்த அலமாரி அது. மூன்று கோட் வார்னிஷ். முகப்பில் பித்தளைத் தகடு. அதில் அலமாரியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அழகர்சாமியின் பெயர். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பேட்டரியைப் பார்க்குமுன் அந்தத் தகட்டை உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி.

வெள்ளைப் பொடி முதலில் தென்பட்டபோது கமிட்டி கூடி, தூசி என்று கண்டுபிடித்தது. கிரேசிக்கு முதல் மெமோ வந்தது: ‘மேற்படி தூசி மேற்படி பேட்டரிகளின்மீது படிய அனுமதித்தமைக்கு விளக்கம் தருக.’

“நான் பக்காவா தொடச்சிட்டுல்லா சார் போனேன்,” என்றாள் கிரேசி.

“எனக்குத் தெரியும்மா. நான் உன்ன நம்புறேன். ஆனா பேப்பர் நம்பாதில்ல.”

பொடி நிற்கவில்லை. கமிட்டி மறுபடி கூடி, கடற்காற்றுதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. காற்றுக்கு மெமோ கொடுக்க முகவரி இல்லாததால், ஜன்னலைச் சாத்தாத கிரேசிக்கு இரண்டாவது மெமோ போயிற்று. அத்தோடு ஒரு தொழில்நுட்ப முடிவும் எடுத்தார்கள். ஹார்டுவேர் கடையில் டியூபில் கிடைக்குமே, ஜன்னல் இடுக்கு அடைக்கும் சிலிகான் பேஸ்ட், அதை வாங்கி அலமாரியின் மூட்டுமுடுக்கெல்லாம் பூசினார்கள். கதவு விளிம்பில் ரப்பர். எறும்புகூட நுழைய முடியாது. கதவைத் திறந்தால் புளிப்பாக ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். அதைப் ‘பாரம்பரிய மணம்’ என்று கமிட்டி நடவடிக்கைக் குறிப்பில் பாராட்டியிருந்தார்கள்.

அதற்கடுத்த செவ்வாய் பொடி இரண்டு பங்கானது.

கமிட்டி கலங்கவில்லை. இன்னும் நான்கு டியூப் வாங்கியது. இன்னொரு கோட் வார்னிஷ் அடித்தது. பொடி மூன்று பங்கானது. பாதுகாப்பு தீவிரமாகத் தீவிரமாக, பாதுகாக்க வேண்டிய அவசியமும் எவ்வளவு தீவிரமாகிறது பாருங்கள் என்று அழகர்சாமி நெகிழ்ந்தார்.

கிரேசியால் நெகிழ முடியவில்லை. அவள் பதினான்கு வருடமாக டி.ஆர்.எம்., அதாவது தினக்கூலி மஸ்தூர். நிரந்தர வேலைக்கான அவளது ஃபைல் பதினோரு வருடமாக ஆபீசில் இருக்கிறது. மூன்று மெமோ வாங்கியவரின் ஃபைல் மேலே போகாது என்பது ஆபீஸ் விதி. இரண்டு வாங்கியாயிற்று. அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதி கமிட்டி கூடுகிறது. மூன்றாவது மெமோ தேதி மட்டும் போடாமல் இப்போதே டைப் ஆகித் தயாராக இருக்கிறது என்று நந்தகுமாரே மனம் கேளாமல் சொல்லிவிட்டார்.

*

கிரேசியின் கணவன் ஜேசுதாசன் ஜங்கிலிகாட்டில் படகு வைத்திருப்பவன். தூத்துக்குடிக் கரையிலிருந்து அவன் அப்பா கொண்டுவந்த சொத்து தூண்டில் தொழிலும் வாயும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குட்வில் எஸ்டேட் வீட்டு முற்றத்தில் தூண்டில் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். திடீரென்று யாரையோ திட்ட ஆரம்பித்தான்.

“என்னங்க, யார ஏசுதீய?”

“ஒன் தம்பி ஜோஸ்வாவத்தான். மச்சானுக்குக் கிறிஸ்மஸ் பரிசுன்னு மரப்பெட்டி செஞ்சு குடுத்தாம்லா, மூடி போட்டு, வார்னிஷ் போட்டு. இங்க பாருட்டி, அத்தனை ஈயக்குண்டும் பூத்துப்போய்க் கெடக்கு.”

தூண்டிலை ஆழத்துக்கு இழுக்கும் ஈயக்குண்டுகள். அவற்றின்மேல் வெள்ளை வெளேரென்று பொடி. கிரேசியின் கையிலிருந்த காய்கறிக் கூடை தானாகக் கீழே இறங்கியது. செவ்வாய்தோறும் அவள் துடைத்து வருகிற உலகம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

“இதுக்கு முன்னால எதுல வெச்சிருந்தீய?”

“பழைய பெயிண்ட் வாளியிலதான். அந்தா மிச்சம் அதுல கெடக்கு, பாத்துக்க. மூடிகூடக் கெடையாது.”

வாளியிலிருந்த குண்டுகள் உப்புத்தண்ணீர் பட்டுப்பட்டு, சாம்பல் நிறத்தில், நிம்மதியாகக் கிடந்தன. கிரேசி மரப்பெட்டிக்குள் மூக்கை விட்டாள். புளிப்பு வாடை. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் வாடை.

“இது அலமாரி மணம்லா!”

“எந்த அலமாரிட்டி?”

“மரப்பெட்டியில மூடி வெச்சா ஈயம் பூக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“எங்கப்பாவுக்கே தெரியும். சாளை மீன் புடிக்கிறவனுக்கெல்லாம் தெரியும். ஒன் தம்பி மனசு நோவக் கூடாதேன்னுதான் அதுல வெச்சேன்.”

“ஏன் அப்படி?”

“அத ஈயத்துக்கிட்ட கேளு. இந்தா, அந்தப் பொடிய வெறுங்கையால தொடாத. வெசம். ஈயம் உருக்குன கையைக் கழுவாம சோறு திங்கக் கூடாதும்பாரு எங்கப்பா.”

கிரேசி தன் கைகளைப் பார்த்தாள். அதே பொடியைத்தான் இத்தனை செவ்வாய்க்கிழமைகளாக வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கமிட்டி கையுறை வாங்காமலில்லை. ஆறு ஜோடி வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, உபயோகித்தால் கெட்டுவிடும் என்று பூட்டி வைத்திருந்தது.

‘ஏன் அப்படி’ என்பதற்கு ஈயம் பதில் சொல்லாவிட்டாலும் நாம் சொல்லிவிடலாம். அழகான ஏற்பாடு அது. மரம், அதுவும் புதுமரம், வினிகரில் உள்ள அதே புளிப்பு ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிடும். பல வார்னிஷும் அப்படியே. அந்தச் சிலிகான் பேஸ்டோ காயும்வரை அதையே தாராளமாக விடும். திறந்த இடமானால் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். பெட்டியை இறுக மூடினால் அது போக இடமில்லாமல் ஈயத்தின்மேல் உட்காரும். ஈயத்தின் சாம்பல் போர்வையைக் கரைக்கும். அங்கே காற்றிலிருக்கும் கரியமில வாயு வந்து சேர்ந்து, கரைந்ததை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அப்போது புளிப்புக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கைகழுவிக்கொண்டு விடுதலையாகி, பக்கத்து இடத்துக்குப் போய் அதே வேலையைத் தொடங்கும். ஓர் இடத்தைக் கெடுத்துவிட்டு, தன்மேல் ஒரு கறையும் படாமல், டிரான்ஸ்பரில் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும் இந்தத் திறமை புளிப்புக்கும் வேறு சிலருக்கும் மட்டுமே வாய்த்தது.

*

கிரேசி இரண்டு ஈயக்குண்டுகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். செவ்வாயன்று ஒன்றை அலமாரிக்குள் நான்காவது பேட்டரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இன்னொன்றைக் கக்கூஸ் கதவருகே பத்தாவது பேட்டரியின் தலையில் வைத்தாள். கூட்டத்துக்கு இருந்தது நாலு வாரம். இரண்டாவது வாரம் அலமாரிக் குண்டில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி. கூட்டத்தன்று காலை எடுத்துப் பார்த்தபோது சர்க்கரையில் புரட்டிய சீடை மாதிரி இருந்தது. கக்கூஸ் குண்டு பளபளப்பு மட்டும் மங்கி, அமைதியாகச் சாம்பல் பூத்திருந்தது.

கூட்டத்தில் டீ கொடுப்பதும் கிரேசியின் வேலைதான். பதினோரு டம்ளருக்கு நடுவே, ஒரு சாசரில் இரண்டு குண்டுகளையும் வைத்துக் கொண்டுபோனாள்.

அழகர்சாமி வெள்ளைக் குண்டைக் கையில் எடுத்தார். “இது என்னம்மா, சமோசாவுக்குத் தொட்டுக்கவா?”

“வாயில வெச்சிராதீய சார், வெசம்! அது அலமாரிக்குள்ள நாலு வாரம் இருந்த ஈயக்குண்டு. இது கக்கூஸ்ல நாலு வாரம் இருந்தது. ரெண்டும் ஒரே அச்சுல ஊத்துனது.”

பதினோரு டம்ளரும் பாதி வழியில் நின்றன.

“அதாவது?” என்றார் அழகர்சாமி மெதுவாக.

“அதாவது சார், மரமும் வார்னிஷும் அந்தப் பேஸ்டும் புளிப்பா ஆவி விடுது. மூடி வெச்சதுனால அது வெளிய போவல. அலமாரிதான் பேட்டரியத் தின்னுது.”

அழகர்சாமியின் முகம் படாக் நிறத்துக்கு வந்தது. “நந்தகுமார்! நாப்பது வருஷம் காட்டுல இருந்தவன் நான். படாக் மாதிரி சாதுவான மரம் உலகத்துலயே கிடையாதுய்யா. ஒரு கக்கூஸ் கதவை விட என் அலமாரி மட்டம்னு இந்தப் பொண்ணு சொல்லுது. இத நீ மினிட்ஸ்ல எழுதுவியா?”

“அரே, அதெப்படி சார் எழுதுவேன்?” என்றார் நந்தகுமார். கை தானாக மேஜை டிராயரை நோக்கிப் போயிற்று. உள்ளே இருந்தது மூன்றாவது மெமோ. தேதி ஒன்றுதான் பாக்கி.

கிரேசி அந்தக் கையைப் பார்த்தாள். பதினான்கு வருடம் ஓர் ஆபீசைத் துடைத்தவளுக்கு, அந்த ஆபீஸ் எதற்கு அசையும் என்று தெரியாதா?

“தப்பா சொல்லிட்டேன் சார். அலமாரி மேல ஒரு குத்தமும் இல்ல. நான் பயப்படுறதே அலமாரிக்காகத்தான்.”

“எதுக்குப் பயம்?”

“பேட்டரியோட பொடி பறந்து ஒங்க பேர் போட்ட தகட்டுல படியுதுல்லா. போன வாரம் ‘அழக’ மட்டுந்தான் தெரிஞ்சுது. மிச்சத்த வெள்ளப் பொடி மூடிட்டுது.”

அழகர்சாமி எழுந்து நின்றார். “மைகாட்! இத ஏன்யா யாரும் எங்கிட்டச் சொல்லல?”

“இப்படியே போனா வார்னிஷும் மங்கிரும் சார்.”

“எடுங்கய்யா வெளியே! அந்தப் பாழாப்போன பேட்டரி ஒண்ணு விடாம எடுங்க!”

அன்று ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் பாரம்பரியப் பாதுகாப்பு வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. ‘விலைமதிப்பற்ற படாக் அலமாரியைப் பேட்டரிகளிடமிருந்து பாதுகாக்கும் பொருட்டு, மேற்படி பேட்டரிகளை உடனடியாக வெளியேற்றவும், அலமாரி இனி காலியாக, காட்சிப் பொருள் எண் ஒன்றாகத் திகழவும்.’

ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. மூன்றாவது மெமோ டைப் ஆகி, அனுப்புகை எண்ணும் போட்டாயிற்று. எண் போட்ட மெமோவை ரத்து செய்ய விதியில் இடமில்லை. யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும். அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, பெயரை மட்டும் அடித்துவிட்டு, பத்தாவது பேட்டரிக்கு வழங்கினார்கள். ‘பதிவேட்டில் இடம்பெறாமலும் கமிட்டியின் பாதுகாப்பைப் பெறாமலும், நான்கு ஆண்டுகளாக நல்ல நிலையில் இருந்தமைக்கு விளக்கம் தருக.’ அதன் சார்பில் கிரேசி கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டாள்.

பேட்டரிகளைப் பின்கட்டு வராந்தாவில், காற்றோடும் பழைய இரும்பு ரேக்கில் வைத்தாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பொடி பறக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உலரவிட்டாள். கையில் கையுறை; பூட்டைத் திறந்து ஒரு ஜோடியை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு செவ்வாய் போயிற்று. பொடி இல்லை. ஐந்து செவ்வாய் போயிற்று. பொடி இல்லை. ஒன்பதும் சாம்பல் போர்வை போர்த்திக்கொண்டு, பத்தாவதின் பக்கத்தில் தூங்கின.

*

ஆறாவது செவ்வாய் கிரேசி நந்தகுமாரின் மேஜைமுன் போய் நின்றாள்.

“சார், என் ஃபைல் எங்க இருக்கு?”

“அதப் பத்திக் கவலையே படாதம்மா,” என்றார் நந்தகுமார் பாசத்தோடு. “ரொம்பப் பத்திரமா இருக்கு. பதினோரு வருஷத்துல ஒருத்தர் கை அதுல படல.”

“எதுக்குள்ள சார் இருக்கு?”

“உள் ரூம் அலமாரிலதான். டபுள் லாக்.”

“என்ன மரம் சார்?”

நந்தகுமார் சாவியைக் கொடுத்தார்.

அலமாரி படாக்தான். கிரேசி கையுறை போட்டுக்கொண்டே திறந்தாள். அடியிலிருந்து மூன்றாவதாக இருந்தது அவள் ஃபைல். முதல் பக்கத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய அவள் போட்டோ; முகத்தின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து, கண் இரண்டும் மட்டும் தெரிந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி, காப்பாட்சியர் கையெழுத்துக்காகக் கோடு போட்டிருந்தது. கோட்டின்மேல் ஒன்றுமில்லை. கமிட்டி, குழு, பிரிவு எல்லாம் சேர்ந்து பதினோரு வருடமாகப் பாதுகாத்தது அந்த வெற்றுக் கோட்டைத்தான்.

போட்டோவை ஈரத்துணியால் ஒற்றினாள். ஃபைலைக் கொண்டுவந்து, ஜன்னல் காற்று நேராக அடிக்கும் இடத்தில், நந்தகுமாரின் மேஜை நடுவில், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். தாள் படபடத்தது. வராந்தாவுக்குப் போய், பத்தாவது பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கிவந்து, கோட்டை மறைக்காமல் ஃபைலின் ஓரத்தில் இறக்கினாள். மேஜை முனகியது. பின்னால் கக்கூஸ் கதவு காற்றில் டமார் டமாரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“என்னம்மா இது?” என்றார் நந்தகுமார்.

“உள்ள வெச்சுப் பாதுகாத்தது போதும் சார். ஈயத்தையே தின்ன அலமாரிக்குத் தாளு எம்மாத்திரம்? வெளிய எடுத்து, காத்துப்படுற எடத்துல, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வெச்சா எதுவும் கெடாது. இதத் திரும்ப அலமாரிக்குள்ள வெக்கணும்னா பதினோரு கிலோவத் தூக்கணும். கையெழுத்துப் போட பேனா ஒண்ணத்தான் தூக்கணும்.”